வாத்தியாரம்மா போனார், நாம் போகலாமா?

நம்முடைய உழவர் கூட்டங்களில் எந்தத் தலைப்பில் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. விதை உரிமை பேசுவோம், ஏரி வாய்க்கால் பேசுவோம், ஆலைக் கழிவு பேசுவோம். மோர் குடித்துவிட்டு எழுந்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். "மனு குடுத்துக் குடுத்து கை ஓய்ஞ்சு போச்சு தம்பி. எல்லாச் சட்டமும் அங்க உக்காந்துதான போடுறாங்க? நம்ம ஆளு ஒருத்தர அங்க அனுப்பினா என்ன?" உடனே பின்வரிசையிலிருந்து பதில் வரும். "அனுப்புங்க, அனுப்புங்க. போனவங்க யாராச்சும் திரும்பி வந்து நம்மகூட வரப்புல உக்காந்திருக்காங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். கூட்டம் கலைந்துவிடும். கேள்வி அப்படியே கிடக்கும்.

நான் பல வருசம் அந்தப் பின்வரிசைக்காரர் கட்சிதான். தேர்தல் என்று இறங்கினால் சாதி புகும், காசு புகும், ஒற்றுமையாக இருந்த நாலு ஊர் நாப்பது துண்டாகும் என்று பயந்தவன். அந்தப் பயம் இன்றும் போகவில்லை. ஆனால் "அரசியல் சாக்கடை" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது விடை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் கதை. நம்ம ஊர்க் கதை அல்ல. ஆஸ்திரேலியாவின் தெற்கே தனியாகக் கிடக்கும் தாஸ்மேனியா என்ற தீவு மாநிலத்தின் கதை. அவர் பெயர் கிறிஸ்டின் மில்ன். பால்மாடு வைத்துப் பிழைத்த உழவர் வீட்டுப் பெண். அதனால்தான் நம் இதழில் எழுதத் தோன்றியது.

அணையும் சிறையும்

தாஸ்மேனியா தமிழ்நாட்டில் பாதி அளவுதான் இருக்கும். மக்கள்தொகை நம்முடைய ஒரு பெரிய நகரம் அளவுகூட இல்லை. ஆனால் உலகத்தின் முதல் பசுமைக் கட்சி என்று சொல்லப்படுவது 1972இல் அங்கேதான் பிறந்தது. மின்சாரத்துக்காக பெடர் ஏரியை அணை கட்டி மூழ்கடித்தபோது, அதை எதிர்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து கட்சி தொடங்கித் தேர்தலில் நின்றார்கள். ஒரு இடமும் கிடைக்கவில்லை. ஏரியும் மூழ்கிப் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தோல்வியில்தான் அந்தக் கதை தொடங்குகிறது.

கிறிஸ்டின் மில்ன் 1953இல் பிறந்தவர். தீவின் வடகரையில் வெஸ்லி வேல் என்ற ஊரில், பால் பண்ணையில் வளர்ந்தார். வரலாறு படித்தார். 1975 முதல் சுமார் 10 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார். நடுவில் பிராங்க்ளின் என்ற ஆற்றின் குறுக்கே இன்னொரு அணைக்குத் திட்டம் வந்தது. 1982 டிசம்பர் தொடங்கி சில மாதங்கள் மக்கள் அந்தக் காட்டுக்குள் போய் மறித்தார்கள். 1,200 பேருக்கு மேல் கைதானார்கள். அவர்களில் மில்னும் ஒருவர், சிறைக்கும் போனார். 1983 ஜூலையில் நாட்டின் உயர் நீதிமன்றம் அந்த அணையை நிறுத்திவைத்தது. நீதிபதிகள் 4 பேர் ஒரு பக்கம், 3 பேர் மறுபக்கம். ஒரு தலை எண்ணிக்கையில் ஆறு பிழைத்தது.

வேலையில் இருக்கும் ஒரு ஆசிரியை சிறைக்குப் போவது எந்த நாட்டிலும் சின்ன விசயம் இல்லை. ஆனால் அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது அந்தச் சிறை அல்ல. சொந்த ஊருக்கு வந்த ஒரு ஆலைதான்.

வெஸ்லி வேல் ஆலை

1988இல் ஆஸ்திரேலியாவின் நார்த் புரோக்கன் ஹில், கனடாவின் நொராண்டா என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் சேர்ந்து வெஸ்லி வேலில் காகிதக்கூழ் ஆலை கட்டப் போவதாக அறிவித்தன. 100 கோடி டாலர் முதலீடு. தைலமர இனத்துக் காட்டு மரங்களை வெட்டி, அரைத்து, வேகவைத்து, குளோரின் போட்டு வெளுத்துக் கூழ் ஆக்குவது திட்டம். கழிவு பாஸ் நீரிணைக் கடலில் போய் விழும். மாநில அரசு ஆலையின் பக்கம் நின்றது. "வேலை வரும், வளர்ச்சி வரும்" என்ற பேச்சு. வேலை இல்லாத இளைஞர்கள் நிறைந்த பகுதி என்பதால் அந்தப் பேச்சுக்கு ஆளும் இருந்தது. நமக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பகுதி செம்மண் பூமி. உருளைக்கிழங்கு, வெங்காயம், பட்டாணி, பால் என்று விளையும் இடம். அங்கே உழவர்களும் மீனவர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். ஆலையின் இடத்தை எதிர்க்கும் குடிமக்கள் என்பதுபோல நீளமான பெயர். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பயிர்கள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். அதன் சார்பில் பேசும் பொறுப்பு மில்னுக்கு வந்தது. அப்போது அவர் பள்ளி வேலையை விட்டிருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய். வேதியியல் படித்தவர் அல்ல, வக்கீலும் அல்ல.

நான் இங்கேதான் நின்று யோசித்தேன். இந்தப் போராட்டத்தில் அவர் கையில் இருந்தது வாத்தியார் வேலைதான். குளோரின் போட்டு மரக்கூழை வெளுக்கும்போது ஆர்கனோகுளோரின் எனப்படும் நஞ்சுகள் உண்டாகின்றன. அவற்றில் டையாக்சினும் அடக்கம். டிடிடியும் எண்டோசல்பானும் இதே குடும்பம் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். எளிதில் சிதையாது. மீனின் கொழுப்பில் சேரும், மாட்டின் கொழுப்பில் சேரும், பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். மரத்தையும் காட்டையும் மட்டும் பேசியிருந்தால் "நகரத்துக்காரன் இயற்கையை ரசிக்கிறான்" என்று உழவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். மில்னும் அவர் கூட்டாளிகளும் பேசியது பாலைப் பற்றி, மீனைப் பற்றி, அதை வாங்குபவர் நம்பிக்கையைப் பற்றி. கடினமான விசயத்தை முதலில் தான் படித்து, பிறகு எதிரில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்வதுதானே வாத்தியார் வேலை? அதைத்தான் செய்தார்.

1989 மார்ச்சில் ஆஸ்திரேலிய மத்திய அரசு கூடுதலான சூழல் நிபந்தனைகளைக் கேட்டது. கம்பெனிகள் திட்டத்தைக் கைவிட்டுவிட்டுப் போயின. அடுத்த ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' பட்டியலில் மில்ன் பெயர் இடம்பெற்றது. ஆனால் அதற்கு முன்னாலேயே பெரிய மாற்றம் ஒன்று நடந்துவிட்டது.

35இல் 5

ஆலை போன இரண்டே மாதத்தில், 1989 மே 13 அன்று, மாநிலத் தேர்தல். பசுமைச் சுயேச்சைகள் என்று நின்றவர்களில் 5 பேர் வென்றார்கள். மில்ன் ஒருவர். பிராங்க்ளின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் பாப் பிரவுன் இன்னொருவர். மொத்தம் 35 இடம். ஆண்டுகொண்டிருந்த லிபரல் கட்சிக்கு 17, தொழிற்கட்சிக்கு 13. இந்த 5 பேர் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம் ஆட்சி.

அவர்கள் மந்திரி பதவி கேட்கவில்லை. எழுத்தில் ஒரு உடன்பாடு கேட்டார்கள். தொழிற்கட்சி கையெழுத்துப் போட்டது, ஆட்சி மாறியது. உலகப் பாரம்பரியக் காட்டுப் பகுதி சுமார் 13.8 லட்சம் ஹெக்டேராக விரிந்தது. தகவல் அறியும் சட்டம் 1991இல் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வர 2005 ஆனது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடன்பாட்டின் இன்னொரு பகுதி, மரச்சில்லு ஏற்றுமதிக்கு ஒரு உச்சவரம்பு. அதைத் தொழிற்கட்சி ஒரே ஆண்டில் மீறியது. 1990இல் உடன்பாடு முறிந்தது. அடுத்த தேர்தலில் தொழிற்கட்சி தோற்று, லிபரல் கட்சி தனிப்பெரும்பான்மையோடு வந்தது. காட்டை வெட்டுவது நிற்கவில்லை.

இந்த இடத்தில் நம் பின்வரிசை நண்பர் "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்பார். அவர் சொல்வது பாதி சரி. ஆட்சியின் வாக்குறுதி ஆட்சியோடு போயிற்று. ஆனால் காட்டின் எல்லையும் தகவல் சட்டமும் போகவில்லை. எழுதி, சட்டமாக்கி, எல்லைக்கல் நட்டது நின்றது. "பார்த்துக்கறோம்" என்று சொன்னது கரைந்தது. மில்னின் அரசியல் வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது.

எதிரிகள் ஒன்றுசேர்ந்த நாள்

1993இல் மில்ன் தாஸ்மேனியப் பசுமைக் கட்சியின் தலைவர் ஆனார். அந்த மாநிலத்தில் ஒரு கட்சிக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். 1996 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இந்த முறை லிபரல் கட்சியின் சிறுபான்மை ஆட்சி பசுமைக் கட்சியின் 4 உறுப்பினர்களை நம்பி நடந்தது. எதிர்த்துப் போராடிய கட்சியோடேயே வேலை செய்தார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒருபாலினத்தாரைக் குற்றவாளிகளாக்கிய பழைய சட்டம் 1997இல் நீங்கியது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளுக்காகச் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சட்டமன்றத்துக்குப் போனவர் எல்லோருக்குமான ஆள். ஒரே கோரிக்கையோடு போனவரும் மற்றவர் கோரிக்கையைச் சுமக்கத்தான் வேண்டும்.

பிறகு வந்தது 1998. இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து சட்டமன்ற இடங்களை 35இலிருந்து 25ஆகக் குறைத்தன. "செலவு குறையும், ஆட்சி நிலையாக இருக்கும்" என்றார்கள். அது எப்படிப் பசுமைக் கட்சியை வெட்டியது என்பது புரிய, அங்கே வாக்கு எண்ணும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாஸ்மேனியாவில் 5 தொகுதிகள்தான். அப்போது ஒவ்வொன்றிலும் 7 பேர். வாக்காளர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை எண் போடுவார். ஒரு தொகுதியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதத்தைத் தாண்டினால் ஒரு இடம் உறுதி. தொகுதிக்கு 7 பேர் என்பதை 5 பேர் என்று மாற்றினால், தாண்ட வேண்டியது ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 16.7 சதம் ஆகிவிடும். பசுமைக் கட்சியின் வாக்கு 1996இல் சுமார் 11 சதம், 1998இல் சுமார் 10 சதம். வாக்கு பெரிதாக இறங்கவில்லை. இடம் மட்டும் 4இலிருந்து 1 ஆனது. மில்னும் தோற்றார். மக்கள் அவரைத் துரத்தியதாகச் சொல்ல முடியாது. மரக்காலை மாற்றிவிட்டு, நெல் குறைந்துவிட்டது என்று சொன்ன கதை அது.

அந்த 10 இடங்களைத் திருப்பி வைக்க 2022இல்தான் சட்டம் வந்தது. 2024 தேர்தல் மறுபடி 35 இடத்துக்கு நடந்தது. பசுமைக் கட்சிக்கு 5 கிடைத்தது. 26 வருசம் காத்திருந்தார்கள்.

கரியமில வாயுக்கு ஒரு விலை

தோற்ற வாத்தியாரம்மா வீட்டுக்குப் போகவில்லை. மத்திய நாடாளுமன்றத்தில் செனட்டராக இருந்த பாப் பிரவுனுக்கு ஆலோசகராக வேலை பார்த்தார். 2004இல் தாஸ்மேனியாவிலிருந்து செனட்டுக்குத் தேர்வானார். காலநிலை மாற்றம் அவருடைய முக்கிய வேலை ஆனது.

இங்கே அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம் சண்டை நடக்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். 2009இல் தொழிற்கட்சிப் பிரதமர் கெவின் ரட் கரிம வெளியீட்டைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தார். பசுமைக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. குறைக்கும் அளவு 5 சதம்தான், அதுவும் மாசு செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, என்பது அவர்கள் வாதம். இரண்டு லிபரல் செனட்டர்கள் தங்கள் கட்சியின் முடிவை மீறி ஆதரித்தும் சட்டம் தோற்றது. "பசுமைக் கட்சியின் 5 பேர் கை தூக்கியிருந்தால் அன்றைக்கே சட்டம் வந்திருக்கும்" என்று தொழிற்கட்சிக்காரர்கள் இன்றுவரை குத்திக்காட்டுகிறார்கள்.

நான் இதில் எந்தப் பக்கம்? பலமுறை மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். முழுக்க நஞ்சில்லாமல் விளைவிக்க முடியாத உழவரிடம் "பாதி குறைத்தாலும் நல்லதுதான், அடுத்த போகத்தில் மீதி" என்று சொல்கிறவர்கள் நாம். அப்படிப் பார்த்தால் அந்த 5 சதத்தை வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் பாதிச் சட்டம் என்பது பாதி நஞ்சு போல அல்ல. கெட்ட சட்டம் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் அதை எடுக்கப் பத்து மடங்கு பாடு. மில்ன் "வேண்டாம்" என்றதோடு நின்றிருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருப்பேன். அவர் நிற்கவில்லை.

2010 தேர்தலில் எந்தப் பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சி பிரதமர் ஜூலியா கில்லார்டோடு எழுத்து உடன்பாடு செய்துகொண்டது. பல கட்சிகள் சேர்ந்த காலநிலைக் குழு ஒன்று உட்கார்ந்து சட்டத்தை உருவாக்கியது. அதில் மில்னின் பங்கு பெரியது. 2012 ஜூலை 1 முதல் பெரிய ஆலைகளும் மின் நிலையங்களும் வெளியேற்றும் கரியமில வாயுக்கு டன்னுக்கு 23 டாலர் கட்ட வேண்டும் என்று ஆனது. உழவர்களின் மாட்டுக்கும் வயலுக்கும் அந்த விலை கிடையாது. மாறாக, மண்ணிலும் மரத்திலும் கரிமத்தைச் சேர்த்துவைக்கும் உழவர் அதற்கு வருமானம் பெற 2011இலேயே தனித் திட்டம் வந்திருந்தது. பண்ணை வீட்டுப் பெண் அந்தக் குழுவில் இருந்தார் என்பதை நான் சும்மா நினைக்கவில்லை.

2012 ஏப்ரலில் பாப் பிரவுன் விலக, மில்ன் நாடு முழுதுக்குமான கட்சித் தலைவர் ஆனார். அடுத்த ஆண்டு தேர்தலில் கட்சியின் வாக்கு குறைந்தது. "இந்த வரியை ஒழிப்பேன்" என்று சொல்லி டோனி அபாட் பிரதமரானார். 2014 ஜூலையில் கரிம விலை ரத்தானது. இரண்டே வருசம். 2015இல் மில்ன் தலைமையிலிருந்து விலகி, செனட்டையும் விட்டார்.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? அதே சட்டத் தொகுப்பில் இரண்டு அமைப்புகளை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். ஒன்று, தூய எரிசக்திக்குக் கடனும் முதலீடும் கொடுக்க 1,000 கோடி டாலர் நிதியோடு ஒரு நிறுவனம். இன்னொன்று, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான முகமை. அபாட் அரசு இரண்டையும் மூடத்தான் பார்த்தது. ஆனால் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியவை என்பதால், மூட வேண்டும் என்றால் செனட்டில் சட்டம் நிறைவேற வேண்டும். அங்கே வாக்குகள் சேரவில்லை. கரிம விலையை ஒழிக்க உதவிய ஒரு சுரங்க முதலாளியின் கட்சிகூட அந்த நிதி நிறுவனத்தை ஒழிக்க உதவ மறுத்தது. இரண்டும் இன்றும் நடக்கின்றன.

நம் கேள்விக்கு வருவோம்

இதைப் படித்துவிட்டு "அப்ப நாமளும் நின்னுற வேண்டியதுதான்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அங்கே ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்கினால் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி. நம் நாட்டில் சட்டமன்றத் தேர்தலில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் என்ன கிடைக்கும் தெரியுமா? கட்டிய 10,000 ரூபாய் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான். அங்கே ஒரு இயக்கத்தின் குரல் சட்டமன்றத்துக்குள் போகிற அதே அளவு வாக்கு, இங்கே மானம் போகாமல் வீடு திரும்ப மட்டும் உதவுகிறது. மில்ன் தமிழ்நாட்டில் பிறந்திருந்தால் நல்ல போராளி என்ற பெயரோடு, நான்கு முறை டெபாசிட் இழந்தவர் என்ற பெயரும் சேர்ந்திருக்கும்.

அதனால் என் கருத்து இது. சட்டமன்றத்துக்கு ஆள் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், வாக்கின் அளவுக்கு இடம் தரும் தேர்தல் முறை வேண்டும் என்பதை நம் இயக்கம் ஒரு கோரிக்கையாகவே வைக்க வேண்டும். விதை உரிமை, விலை உரிமை என்று எழுதும் பட்டியலில் இதையும் எழுத வேண்டும். இது கட்சிக்காரர்கள் விசயம் என்று நாம் இதுவரை விட்டுவிட்டோம். 10 சதம் பேர் நஞ்சில்லா உணவு வேண்டும் என்று வாக்களித்தாலும் அந்த 10 சதத்துக்கு ஒரு நாற்காலிகூட இல்லை என்றால், கட்சிகள் எதற்கு நம்மைக் கண்டுகொள்ளப் போகின்றன?

"அது எப்ப வர்றது, நாம எப்ப போறது?" என்று கேட்பீர்கள். அதற்குள் செய்ய வேண்டியது ஊரிலேயே கிடக்கிறது. ஊராட்சி வார்டு சின்னது. அங்கே சில நூறு வாக்குதான், காசை விட முகம் பேசும். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. அதில் போடும் தீர்மானம் ஒரு தாள்தான் என்பார்கள். தாளாக எழுதியதுதான் தாஸ்மேனியாவிலும் நின்றது. குடிநீர்க் கிணற்றைச் சுற்றிப் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது, ஊர்ப் பொது நிலத்தை எவருக்கும் தாரை வார்க்கக் கூடாது என்று எழுதிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.

யாரை அனுப்புவது என்பதிலும் அந்த வாத்தியாரம்மா எனக்கு ஒன்று சொல்லித்தருகிறார். நாம் பொதுவாக நன்றாக மேடையில் பேசுகிறவரை, செல்வாக்கு உள்ளவரை, நாலு பேரை அழைத்து வரக்கூடியவரைத் தேடுகிறோம். வெஸ்லி வேல் மக்கள் வீட்டுப்பாடம் செய்கிறவரை முன்னால் நிறுத்தினார்கள். ஆலையின் அறிக்கையை முழுதாகப் படித்தவர், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், தெரிந்ததைப் பால் கறக்கிறவருக்கும் வலை வீசுகிறவருக்கும் சொல்லத் தெரிந்தவர். நம் ஊர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், சத்துணவுக் கூடத்து அக்கா, மகளிர் குழுக் கணக்கு எழுதும் பெண். கூட்டத்தில் அவர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை முன்வரிசைக்குக் கூப்பிட வேண்டியது நம் வேலை.

கடைசியாக, அந்தப் பின்வரிசை நண்பருக்கு. "போனவங்க திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டீர்களே அண்ணே, அது நியாயமான கேள்வி. ஆனால் போனவரைக் கேட்கிற மாதிரி நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? அவர் போன பிறகு நாம் களத்தில் இருந்தோமா? 1990இல் உடன்பாட்டை மீறியபோது பசுமைச் சுயேச்சைகள் ஆதரவை விலக்கிக்கொள்ள முடிந்ததென்றால், பின்னால் ஒரு இயக்கம் கலையாமல் நின்றதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் போனவர் தனி ஆள். தனி ஆளை விலைக்கு வாங்குவதும் மிரட்டுவதும் எளிது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் மோர் குடிக்கும் முன்னாடியே இந்தப் பேச்சை எடுப்போம். நம் ஒன்றியத்தில் எந்தெந்த ஊராட்சியில் நமக்கு ஆள் இருக்கிறது, எந்தக் கிராம சபையில் என்ன தீர்மானம் போடலாம், யார் அதைப் படித்து எழுதித் தருவார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நானும் என் ஊருக்கு எழுதிக்கொண்டு வருகிறேன்.